பஸ்ஸில் கதைக்காத பிள்ளை

1

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ஒரு கூட்டம் வைப்பார்கள். கூட்டத்தில் கோப்பியும் கேக்கும் கொடுப்பார்கள். கேக்கைக் கண்டவுடன் எனக்கு முதலில் வருவது பசியல்ல, சந்தேகம். கண்டியிலும் பேராதனையிலும் வருடக்கணக்காக அரச உத்தியோகம் பார்த்தவன் நான். கந்தோரில் ஒருவர் சிரித்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டாரென்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

போன ஆவணியில் பாலர் பாடசாலையில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு சின்னத் துறைமுக நகரம் இது. வந்த புதிதில் நம்மவர்கள் எல்லோரையும் போல நானும் மீன் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்றேன். தோள்மூட்டுப் போன பிறகு, பிள்ளைகளுக்குப் பாண் வெட்டிக் கொடுக்கவும் கஞ்சி காய்ச்சவும் பாலர் பாடசாலைச் சமையலறையில் எடுத்துக்கொண்டார்கள். என் மகள் சுகந்தியின் பிள்ளை மீராவும் அங்கேதான். மூன்று வயது. காலையில் நானும் அவளும் ஒரே பஸ்ஸில் போவோம்.

கூட்டத்தில் சொன்ன விஷயம் இது. இந்த வடக்குப் பகுதியின் பூர்வீகக் குடிகள் சாமி என்ற இனத்தவர். பெயரைக் கேட்டுவிட்டு யாரும் கோயிலை நினைக்கவேண்டாம், கலைமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த சனங்கள். அவர்களுடைய மொழி செத்துக்கொண்டிருக்கிறதாம். ஆகவே பாலர் பாடசாலையில் ஓர் அறையை அந்த மொழிக்கென்றே ஒதுக்கப் போகிறார்கள். அறைக்குள் பெரியவர்கள் வாயில் நோர்வே மொழி வரக்கூடாது. பிள்ளை நோர்வே மொழியில் தண்ணீர் கேட்டாலும் சாமி மொழியில்தான் மறுமொழி. சின்ன வயதிலேயே தொடங்கினால் பள்ளிக்கூடம் போகுமுன் பிள்ளை தானாகவே கதைக்கும் என்றார்கள். அறைக்கு ‘மொழிக்கூடு’ என்று பெயரும் வைத்தாயிற்று.

நான் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு காலத்தில் அந்த மொழியைப் பேசிய பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கூடங்களில் போட்டு, தண்டித்து, மறக்கப்பண்ணியதும் இந்த நாட்டு அரசாங்கம்தான். இப்போது கரண்டியால் ஊட்டுகிறதாம். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதையாக எனக்குப் பட்டது.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பார்த்தால் என் மகள்.

2

சுகந்தியின் புருஷன் யோன் சாமி வம்சம். அதற்காக அவனுக்கு அந்த மொழி தெரியும் என்றில்லை, நன்றி சொல்லக்கூடத் தெரியாது. அவன் தாய் பெரித்துக்குத் தெரியும். தெரிந்தும் மகனுக்கு ஒரு சொல் கொடுக்கவில்லை. பெரித் தபாற்கந்தோரில் வேலை செய்கிறவர், என் வயதுதான், எனக்குச் சம்பந்தி.

பாடசாலைக்காரர் மீராவுக்கு இடம் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. வீட்டில் ஒருவராவது பிள்ளையோடு அந்த மொழியைக் கதைக்கவேண்டும். தைமாதம் வரை பார்ப்பார்கள். கதைக்க ஆளில்லை என்றால் அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். அறையோ சின்னது, கேட்டு நிற்பவர்களோ பலர்.

அன்று பின்னேரம் வீட்டில் சண்டை.

“பெரித் ஒராளுக்குத்தான் அது தெரியும். நீங்கள் சொன்னாக் கேப்பா, அப்பா.”

“நான் ஏன் சொல்லுறன்? எனக்கே பிடிக்கேல்லை.”

“என்ன பிடிக்கேல்லை?”

“உங்கடை வீட்டிலை என்ன பாஷை எண்டு அரசாங்கம் வந்து கேட்டால், ஏன் கேக்குது எண்டு முதல் யோசிக்கவேணும்.”

“இது கண்டியில்லை, அப்பா.”

“எழுபத்தாறிலை கண்டியும் நீ சொல்லுற கண்டியில்லை” என்றேன்.

என் மனைவி பாக்கியத்துக்கு வேறு கவலை. “பிள்ளைக்குத் தமிழே கொன்னையாத்தான் வருது. அதுக்குள்ளை மூண்டாவது என்னத்துக்கு?” என்று அகப்பையோடு வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் மகளுக்காகப் பெரித்திடம் போய்க் கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதை என் தமிழில் தருகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே இருப்பது என் உடைந்த நோர்வே மொழிதான். “முதலில் பேசாதே என்றார்கள். இப்போது பேசு என்கிறார்கள். இரண்டு தரமும் என்னைக் கேட்கவில்லை.” இதைச் சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கோப்பி ஊற்றினார். இந்த விஷயத்தில் நானும் சம்பந்தியும் ஒரு கட்சி என்று அன்றைக்கு எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சம்பந்திகள் ஒற்றுமையாக இருப்பதே அபூர்வம்.

3

ஊரில் மறுபடியும் போர் தொடங்கியிருக்கிற இந்த நாட்களில் கண்டியை நினைப்பது நல்லதில்லை. நினைக்காமல் இருக்கவும் வருவதில்லை.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளன். கட்டுகலைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து அப்படியே தங்கிப்போன குடும்பங்கள் அந்த ஒழுங்கையில் இன்னும் சில இருந்தன. எழுபத்தேழில் ஒரு தரம் ஓடினோம். எண்பத்து மூன்று ஆடியில் மறுபடியும் ஓடினோம். இரண்டாந் தரம் எங்களை ஏற்றிக்கொண்டு போய்த் திகனயில் தன் வீட்டில் வைத்திருந்தவர் ஹனிபா நானா. புடைவைக்கடைக்காரர். கடைசிப் பின்வளவு அறையில் நாங்கள், முன்னறையில் அவர் குடும்பம். ஊர் அடங்கிய பிறகு தன் வானிலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது ஒரு புத்திமதியும் சொன்னார்.

“பஸ்ஸுல ஏறினா வாயத் தொறக்காதீங்க தம்பி. ஒங்களுக்குச் சிங்களம் நல்லா வரும். மகளுக்கு வராது. சின்னப் புள்ளட வாய்தான் காட்டிக் குடுக்கும்.”

சுகந்திக்கு அப்போது நாலு வயது. வாயை மூடவே தெரியாத பிள்ளை. கொஞ்ச நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்து பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் நல்ல சனம். வழியில் இரண்டு ஆமிக்காரர் ஏறி எங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளை என் மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, மணி அடித்த மாதிரித் தெளிவாகக் கேட்டாள்: “அப்பா, இந்த மாமா ஏன் துவக்கு வைச்சிருக்கிறார்?”

பஸ்ஸுக்குள் கதை நின்றுபோனது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆமிக்காரரில் ஒருவன் பிள்ளையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். முன் சீட்டிலிருந்த சிங்கள மனுசி ஒருத்தி, கண்டிச் சேலை உடுத்தியிருந்தவள், திரும்பித் தன் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தாள். “கன்ன பபா” என்றாள், வாங்கிக்கொள் பிள்ளை என்று. நான் கெட்டம்பேயில் இறங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி இன்னும் தூரம். இறங்கியதும் பழத்தைப் பறித்து மகாவலிக்குள் எறிந்தேன். பிள்ளை ஆஸ்பத்திரி வரைக்கும் பழம் கேட்டு அழுதுகொண்டே வந்தாள்.

அந்த மனுசி இரக்கப்பட்டுக் கொடுத்தாளா, பயத்தில் கொடுத்தாளா, ஆமிக்காரரின் கண்ணைத் திருப்பக் கொடுத்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது நல்ல பழமாகவே இருந்திருக்கலாம். அந்த வருடத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுப் பஸ் சட்டம் வந்தது. ஏறியதும் சுகந்தியைப் பக்கத்தில் இருத்தி, என் கையை அவள் முழங்காலில் வைப்பேன். கை அங்கே இருக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. இறங்கிய பிறகுதான் கை எடுபடும். அடிக்கவில்லை, வெருட்டவும் இல்லை. சுகந்தி ஒரு கிழமைக்குள் பழகிவிட்டாள். பிறகு பாக்கியமும் அப்படித்தான், நானும் அப்படித்தான். எங்கள் ஒழுங்கையில் எல்லாத் தமிழ் வீட்டிலும் இதுபோல ஏதோ ஒரு சட்டம் இருந்தது. ஒரு வீட்டில் பிள்ளைக்கு வாயில் கல்கண்டு போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

இன்னொன்றும் செய்தேன். சுகந்தி போய்க்கொண்டிருந்தது ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த தமிழ்ப் பாலர் வகுப்பு. அதை நிறுத்தி, சிங்களப் பாலர் பாடசாலையில் சேர்த்துவிட்டேன். பிள்ளை சிங்களம் பேசினால் பிழைக்கும். தமிழ் வகுப்பை நடத்தியவர் மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்த செல்வி ரீச்சர். சின்ன வயதுப் பெண். வீட்டுக்கே தேடி வந்துவிட்டார்.

“சார், இருக்கிறதே கொஞ்சப் புள்ளைங்கதான். உங்க பொண்ணையும் எடுத்துட்டா மத்தவங்களும் எடுத்துருவாங்க.”

“ரீச்சர், வெளியிலை நிலைமை தெரியும்தானே. உங்களுக்குப் பயமில்லையோ?”

“பயமாத்தாங்க இருக்கு. பாட்டு சொல்லிக்குடுக்கிறப்ப ஜன்னல எல்லாம் சாத்திட்டுத்தான் பாட வைக்கிறேன்.”

“அப்ப பாருங்கோ. ஜன்னலைச் சாத்திப்போட்டுப் படிப்பிக்கிற பாஷையைப் பிள்ளை எங்கை போய்க் கதைக்கிறது?”

ரீச்சர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் “போயிட்டு வாறேங்க” என்று எழும்பிப் போனார். அடுத்த தைக்குள் வகுப்பு நின்றுவிட்டது. ரீச்சர் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார் என்று கேள்வி.

நான் செய்தது சரிதான். அதே வருடம் திரும்பி வந்தால் அதையேதான் செய்வேன். பிள்ளை உயிரோடு இருந்தால்தானே எந்த மொழியையும் மறப்பதற்கு.

4

இங்கே ஐப்பசியில் சூரியன் மத்தியானமே வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கும். அப்படி ஒரு நாளில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பழைய வள்ளங்களைக் காட்டக் கூட்டிப்போனார்கள். மறுநாள் பொறுப்பாசிரியை சுகந்தியைக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார்.

சுகந்தி வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா, மீராவுக்கு நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?”

“என்ன சொல்லுறது?”

“அறைக்குள்ளை நல்லாக் கதைக்கிறாளாம். பத்து வரைக்கும் எண்ணுறாளாம், பாட்டுப் பாடுறாளாம். பஸ்ஸிலை ஏத்தினவுடனை ஒரு சொல்லும் இல்லையாம். சாமி மொழியுமில்லை, நோர்வேஜியனுமில்லை. போகேக்கையும் இல்லை, வரேக்கையும் இல்லை. பிள்ளையை ஆரும் வெருட்டினதோ எண்டு கேட்டவ.”

இந்த நாட்டில் ஆசிரியை அப்படிக் கேட்டால் அடுத்தது பிள்ளைகள் பாதுகாப்புக் கந்தோர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்மவர்களுக்குள் ஆயிரம் கதை உண்டு, பாதி பொய், மீதி எதுவென்று தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் சிரிக்கலாம். இங்கே இரண்டு மாதம் முழு இருட்டு.

“நான் ஒண்டும் சொல்லேல்லை” என்றேன். சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை.

“இப்பிடித்தான் இருந்தவளாம்” என்று சுகந்தி கதிரையில் உட்கார்ந்து காட்டினாள். நேராக நிமிர்ந்து, வாயை மூடி, முன்னால் பார்த்தபடி. அவளுடைய வலது கை போய் அவளுடைய முழங்காலில் இருந்தது.

மீரா தன் கையைத் தன் முழங்காலிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சுகந்தி தன் கையைப் பார்த்தாள். அதை எடுக்கவில்லை. பாக்கியம் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து கதவடியில் நின்றாள்.

“எனக்கு இது என்னெண்டு தெரியும், அப்பா” என்றாள் சுகந்தி. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “வெளியிலை எனக்குத் தமிழ் வராது. கடையிலை, றோட்டிலை, ஒரு இடத்திலையும் வராது. தொண்டைக்குள்ளை வந்து நிக்கும். இந்த வீட்டுக் கதவைச் சாத்தினாத்தான் வரும். மறந்துபோனன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன். மறக்கேல்லை.”

“நான் அவளுக்குச் சொல்லேல்லைப் பிள்ளை.”

“சொல்லேல்லைத்தான்.”

அடுத்த நாள் காலை மீராவோடு பஸ் ஏறினேன். இருந்தேன். என் கையைக் கவனித்துக்கொண்டே இருந்தேன், திருடனைப் பார்க்கிற மாதிரி. இரண்டாவது தரிப்பிடத்தில் யாரோ கதவால் ஏறினார்கள். நான் யாரென்று பார்த்துவிட்டுத் திரும்பினால் கை ஏற்கனவே அவள் முழங்காலில் இருந்தது. பனிக்கால்சட்டைக்கு மேலால், மெதுவாக, அதே இடத்தில்.

சொல்லிக் கொடுத்த தமிழில் பாதிதான் அவளிடம் ஒட்டியது. சொல்லிக் கொடுக்காத இது முழுதாக ஒட்டியிருக்கிறது.

5

பெரித்திடம் போனேன். மீராவையும் கூட்டிக்கொண்டு போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. கட்சி மாறப்போகிறவன் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை அல்லவா.

கதவு திறந்ததும் மீரா உள்ளே ஓடிப்போய்ப் பெரித்தின் காலைக் கட்டிக்கொண்டு, “ஆக்கு” என்றாள். அவர்கள் மொழியில் பாட்டியைக் கூப்பிடும் சொல். மொழிக்கூட்டில் படித்திருக்கிறாள். வீட்டுக்குள் அவளுக்கு எந்தச் சொல்லுக்கும் தடையில்லை.

பெரித் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஏற்கனவே கழுவியிருந்த கோப்பையைத் திரும்பக் கழுவினார். கன நேரம் கழுவினார்.

பிறகு நான் பஸ் கதையைச் சொன்னேன். கண்டி, ஆமிக்காரர், தோடம்பழம், முழங்கால், எல்லாம். என் நோர்வே மொழிக்கு அது தாங்காது, பாதியைக் கையால் காட்டினேன். பெரித்தும் நானும் ஒரே பஸ்ஸில் எத்தனையோ தரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போயிருக்கிறோம். ஒரு வார்த்தை பேசியதில்லை. இறங்கிய பிறகு வாசலில் நின்று ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். நான் அதை அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன். அவர் அதை என் சுபாவம் என்று நினைத்திருப்பார்.

“விடுதிப் பள்ளிக்கூடத்தில் என் அக்கா என் காலை மிதிப்பாள்” என்றார் பெரித். “நான் மறந்து எங்கள் மொழியில் வாயைத் திறந்தால் மேசைக்குக் கீழே ஒரு மிதி. ஆசிரியர் கேட்கமுதல் அவள் மிதித்துவிடுவாள். நல்ல அக்கா.”

“நல்ல அக்காதான்” என்றேன்.

“இன்றைக்கும் அந்த மொழி வாயில் வரும்போது கால் நோகும்.”

மீரா மேசைக்குக் கீழே இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் மேசைக்குக் கீழே எங்கள் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.

“பாடசாலைக்கு நான் வரமாட்டேன். அவர்களுடைய கூட்டத்துக்கும் வரமாட்டேன், கேக்கும் தின்னமாட்டேன்” என்றார் பெரித். “நாளைக்குக் காலை உங்கள் பஸ்ஸில் வருகிறேன். பஸ் மட்டும்தான்.”

அரசாங்கத்தை இவ்வளவு சரியாக எடை போடுகிற ஒரு சம்பந்தி எனக்குக் கிடைத்தது புண்ணியம்தான்.

6

காலை. வெளியே கும்மிருட்டு, பஸ்ஸுக்குள் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சம் எனக்கு எப்போதும் பிடிப்பதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே இருக்கிற எல்லோரும் தெரிவார்கள். மீராவை யன்னல் பக்கம் இருத்தி நான் அருகில் இருந்தேன். என் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைகளுக்குள் விட்டுக்கொண்டேன். பெரித் அடுத்த தரிப்பிடத்தில் ஏறி எங்களுக்கு எதிர் சீட்டில் இருந்தார். தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வழக்கம்போல.

மீன்சந்தை தாண்டியது. மருந்துக்கடை தாண்டியது. பெரித் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். இவருக்கும் இன்றைக்கு வராது என்று நினைத்தேன். எனக்கு ஓர் ஆறுதல்கூட வந்தது.

அப்போது பெரித் மீராவைப் பார்த்து ஏதோ சொன்னார். மெதுவாகத்தான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் யன்னலைக் காட்டிய கையிலிருந்து பனியைப் பற்றியது என்று தெரிந்தது. நிறுத்திவிட்டு இன்னொருமுறை சொன்னார். இந்த முறை கொஞ்சம் உரக்க. அவர் சப்பாத்துக் கால் தரையில் இறுக்கிப் பதிந்திருந்ததை நான் பார்த்தேன்.

முன் சீட்டில் ஒருவன் திரும்பினான். வாட்டசாட்டமான ஆள், காதுவரை தொப்பி. பெரித்தைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்த வரிசை எனக்குத் தெரியும். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடலாம், மிச்சத்தை நடக்கலாம் என்று கால் எழும்பிவிட்டது. அவன் ஏன் திரும்பினான் என்று எனக்கு இப்போதும் தெரியாது. எந்தக் கூட்டத்தில் எந்தக் கேக் கொடுத்தாலும் அவன் திரும்பியதை நான் நல்லதென்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

பெரித் நிறுத்தவில்லை. மூன்றாம் முறையும் அதையே சொல்லிவிட்டுப் பிள்ளையின் மறுமொழிக்குக் காத்திருந்தார்.

மீரா பாட்டியைப் பார்க்கவில்லை. அவள் கை அவள் முழங்காலில் இருந்தது. முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள், கந்தோரில் பெரிய அதிகாரியின் முகத்தைப் பார்க்கிற மாதிரி. பிறகு, அந்தப் பஸ் முழுக்கக் கேட்கும்படி, கொன்னைத் தமிழில் கேட்டாள்:

“அம்மப்பா, இஞ்சை கதைக்கலாமோ?”

முன் சீட்டுக்காரன் இன்னும் திரும்பியபடியே இருந்தான்.

“ஓம் பிள்ளை” என்றேன். ஓடுகிற பஸ்ஸுக்குள் என் தமிழ்க் குரல் எப்படி இருக்கும் என்று நான் மறந்தே போயிருந்தேன். “கதையுங்கோ.”